தட்டுகளுக்கு ஒரு வீடு

விழுப்புரம் ஜங்ஷனில் நீங்கள் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா?

"இறங்கினதில்லை, ஆனால் நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்" என்றுதான் உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். அந்த ஊரின் ஜாதகம் அப்படி! சென்னையிலிருந்து வந்து சேரும் ரயில் பாதை இங்கே நாலு கிளையாகப் பிரிகிறது. ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, ஒன்று கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சைச் சீமைக்கு, ஒன்று திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு, இன்னொன்று புதுச்சேரிக்கு. ஊருக்கெல்லாம் வழிகாட்டுகிற ஊரில் நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

நான் இறங்கினேன். இறங்காமல் முடியாது. அது நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே ஓர் ஓட்டு வீட்டில் என் தாயார் தனியாக இருந்து வந்தாள். அப்பா காலமான பிறகு, "சென்னைக்கு வந்துவிடு" என்று நாலு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் கெஞ்சிக் கொண்டிருந்தோம். சென்ற வருஷம்தான் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை.

"நான் வந்தா, பாட்டும் வரும்."

பாட்டு என்றால் சாதாரணப் பாட்டு இல்லை. என் தாத்தா இதே ஜங்ஷனில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். சம்பள நாளில் மற்றவர்கள் துணிமணி வாங்கினால், அவர் கிராமபோன் தட்டு வாங்குவார். அப்படி அவர் சேர்த்தது 260 தட்டுகள். அப்பா சேர்த்தது 60 பெரிய எல்.பி. தட்டுகளும் ஒரு பெட்டி நிறையக் காஸெட்டுகளும். நான் கல்லூரி நாளில் வாங்கிக் குவித்த ஸி.டி.க்கள் வேறு. மூன்று தலைமுறைப் பாட்டையும் இரண்டு அறை உள்ள எங்கள் பிளாட்டில் எங்கே வைப்பது?

பெங்களூரிலிருக்கும் என் தம்பி போனில் சுலபமாக வழி சொன்னான். "எல்லாப் பாட்டும் செல்போனிலேயே இருக்கு அக்கா. பழைய தட்டு வாங்குறவங்ககிட்டப் போட்டுட்டு வா!"

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக் கொண்டிருந்தாள்.

*

பரணில் ஏறினேன். ஓட்டுக்கு அடியில் கோடை வெயிலும் மழை ஈரமும் மாறி மாறிப் பட்ட இடம். தட்டுகள் கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றால் கட்டப்பட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அவற்றின் மேல் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று சம்பிரமமாக உட்கார்ந்திருந்தது. கட்டு ஒன்றை இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம்.

அடித்தட்டில் விளிம்பிலிருந்து நடு வரை ஒரு கீறல். அது எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு!

கிட்டப்பாவை உங்கள் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாடக மேடையில் அவர் குரல் எழுந்தால் கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்குமாம். 1933-ல், தமது 27-வது வயதில் அவர் காலமானார். அதற்குள் தமிழ் சினிமா இன்னும் நடை பழகவே ஆரம்பித்திருந்தது. அவர் படத்தில் நடிக்கவில்லை. ஆகவே அவர் எப்படிப் பாடினார் என்பதற்கு இந்தக் கறுப்புத் தட்டுகள் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சிகளில் ஒன்றை நான் கீறிவிட்டேன்.

கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"தட்டைப் படுக்க வைக்காதே, நிக்க வைன்னு மாமனார் படிச்சுப் படிச்சுச் சொன்னார். இடமில்லேன்னு பரண்ல அடுக்கினது நான்தான்" என்றாள். பிறகு, "திண்டிவனம் போய் வரலாமா?" என்று கேட்டாள்.

*

திண்டிவனம் அம்மாவின் பிறந்த ஊர். அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த மர பீரோவைச் செய்த ஆசாரியின் மகன், இன்றைக்கும் அங்கே பட்டறை வைத்திருக்கிறார். விழுப்புரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடித்தால் சுமார் 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு வந்ததும் அம்மா வலது பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சாலையில் போனால் மயிலம் முருகன் மலை.

திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். புளியங்காடாக இருந்ததால் 'திந்திரிணி வனம்', அது மருவித் திண்டிவனம் என்பார்கள். ஊர்க் கோயிலில் சுவாமிக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே திருநாமம். காடு போய்விட்டது. பஸ் நிலையத்தின் இரைச்சலில் புளியமரத்தை நினைப்பதற்கே கொஞ்சம் கற்பனை வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு மரவேலை புதிதல்ல. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் நம் ஆசாரி சிற்பி அல்ல; கதவு, ஜன்னல், கட்டில், பீரோ செய்கிறவர். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுந்த மரச் சீவலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர், அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கக்கா! பீரோ நல்லா இருக்கா?"

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் செய்த பீரோவைக் குழந்தையை விசாரிப்பது போல விசாரித்தார்!

நான் செல்போனை எடுத்து, வெளிநாட்டு அலமாரிகளின் படங்களை வரிசையாகக் காட்டினேன். அவர் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "படம் இருக்கட்டும் பாப்பா. எடை என்ன?" என்று கேட்டார்.

"எடையா?"

"புடவை பீரோன்னா அளவு கேப்பேன். இது தட்டாச்சே! நிக்கிற பொருளோட பாரம் தெரியாம பலகை அறுத்தா, ரெண்டு வருஷத்துல பலகை தொட்டில் கட்டிடும்."

சுருக்கென்றது. சென்னையில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்!) நான் ஆசையாக வாங்கிய அழுத்துப் பலகை ஷெல்ப், புத்தகங்களின் பாரத்தில் அப்படித்தான் நடுவில் தொங்கிக் கொண்டிருக்கிறது.

பையில் கொண்டு போயிருந்த பத்துத் தட்டுகளைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். இரண்டு கிலோ. அப்படியானால் 260 தட்டுகள் 52 கிலோ. எல்.பி. தட்டு உறையோடு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அறுபதுக்கும் சுமார் 14 கிலோ.

"ஆக, அறுபத்தாறு கிலோ. இருபத்தஞ்சு கிலோ மூட்டையா ரெண்டரை மூட்டை அரிசிக்கு மேலே!" என்றாள் அம்மா, எங்களிருவரையும் முந்திக்கொண்டு.

*

தட்டு ஏன் இவ்வளவு கனம் என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. 1902-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் கிராமபோன் பதிவுகள் நடந்த காலத்திலிருந்து 1960-கள் வரை, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கில் செய்யப்பட்டவை. மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குத்தான். அதோடு கல்தூளைக் கலந்து அழுத்தி எடுப்பார்கள். அதனால்தான் அந்தக் கனம். கீழே விழுந்தால் ஓடு போல உடைவதும் அதனால்தான். 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. வேறு ஜாதி. அது வினைல் என்ற பிளாஸ்டிக். சுலபத்தில் உடையாது, ஆனால் வெயில் பட்டால் அப்பளம் போல நெளியும். எங்கள் பரணில் இருந்த 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு அப்படித்தான் நெளிந்து கிடந்தது. விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனின் வசனம் விழுப்புரத்து வெயிலிலேயே வளைந்துவிட்டது!

ஆசாரி ஒரு பலகைத் துண்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மயில் கழுத்து மாதிரி மினுக்கம்.

"மரத்துக்குப் பழைய பாலிஷும் அரக்குதான் பாப்பா. ஸ்பிரிட்டுல கரைச்சுத் துணியில தொட்டுத் தேய்க்கணும். தட்டுக்கும் அலமாரிக்கும் ஒரே மேல்சட்டை!"

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்றால், அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் என்ன ஆகும்? பாட்டும் சேர்ந்து கரையும். பழைய தட்டை மெல்லிய உலர்ந்த துணியால், பள்ளங்களின் வட்டப் போக்கிலேயே துடைப்பது போதும்.

அடுத்தது, என்ன மரம் என்ற கேள்வி.

"திண்டிவனத்துக்கு வந்துட்டுப் புளிய மரத்துல செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

ஆசாரி சிரித்தார். "புளி, செக்குக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் ஆகும். இதோ, என் கொட்டாப்புளியே அதுதான். பலகையா இழைச்சா உளியைத் தின்னுடும்!"

கடைசியில், இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த தேக்குச் சட்டங்களைத் தேர்ந்தெடுத்தோம். புதுத் தேக்கைவிட விலை குறைவு என்பது ஒரு காரணம். பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்கிக்கொள்ளாது என்பது முக்கியமான காரணம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. விலை பேசும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். அந்தப் போர்க்களத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. முடிவில் இருவருமே தோற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மோர் குடித்தார்கள்.

*

வேலை முடிய ஒரு மாதம் ஆகும் என்றார் ஆசாரி. "அதுக்குள்ளே திருவக்கரை போய்ட்டு வாங்கக்கா, பௌர்ணமி வருது. பாப்பாவுக்குக் கல்லான மரத்தையும் காட்டுங்க."

திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பௌர்ணமி இரவில் ஜனக்கூட்டம் அலைமோதும். கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் இருக்கும் அதிசயத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. பட்டையும் ரேகையும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல்! சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்கு முந்திய மரங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1781-லேயே ஸொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காப்பாற்றி வருகிறது. ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது.

கிளையும் வேரும் இல்லாமல் இவை கிடப்பதால், எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்று சொல்கிறார்கள். மண்ணுக்கடியில் நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் இழையிலும் மெல்ல மெல்லப் புகுந்து, மரம் மட்கிய இடத்தில் கல்லாகத் தங்கிவிட்டது. இவற்றில் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டாம்! திண்டிவனத்தில் காணாமற்போன புளியங்காடு, உறவு முறையிலாவது இங்கே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஓர் அடிமரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியான இடத்துல புதைஞ்சிருக்கு. அதான் இருக்கு" என்றாள்.

எனக்கு எங்கள் பரண் ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

*

ஒரு மாதம் கழித்து அலமாரியைப் பார்க்கப் போனோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று செய்யும் எண்ணம் இருந்தால், அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரம் நாலேகால் அடி, அகலம் இரண்டு அடி. அகலம் அதற்கு மேல் போனால் பலகை தொய்யும். ஆழம் உள்ளளவு 13 அங்குலம். பாரமான அரக்குத் தட்டுகளுக்குக் கீழே இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் 12 அங்குல உயரம். அதற்கு மேல் எல்.பி.க்கு ஓர் அடுக்கு. பெரிய உறை பன்னிரண்டரை அங்குலம் இருப்பதால் இதற்குப் பதினான்கு அங்குலம். எல்லாவற்றுக்கும் மேலே ஸி.டி.க்கும் காஸெட்டுக்கும் ஆறு அங்குலத்தில் ஒரு சின்ன மாடி.

அடுக்குகளில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு குறுக்குத் தடுப்பு. பலகையில் காடி எடுத்து அதில் தடுப்பை இறக்கியிருந்தார். இதுதான் இந்த அலமாரியின் உயிர்நிலை. தடுப்பு இல்லாவிட்டால் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சாயும். சாய்ந்த தட்டு வளையும் அல்லது உடையும். ஒரு தடுப்புக்குள் முப்பதிலிருந்து முப்பத்தைந்து தட்டுகள். விரலை நுழைத்து ஒன்றை உருவ வேண்டும். மற்றவை அசையக் கூடாது. பஸ்ஸில் ஜன்னலோரம் மூன்று பேர் உட்காருவார்களே, அந்த நெருக்கம் போதும்!

கால்கள் நாலு அங்குல உயரம். இது அம்மாவின் கட்டளை. "துடைப்பம் உள்ளே போகணும், கரையான் மண் ஏறினா கண்ணுக்குத் தெரியணும்" என்று சொல்லியிருந்தாள். முதுகுப் பலகையில் காற்றுக்கு இடுக்கு விட்டிருந்தார். கண்ணாடிக் கதவு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "வெயில் விழுற அறையில கண்ணாடி போட்டா அலமாரி அடுப்பாயிடும்" என்று மரக் கதவே போட்டுவிட்டார். சுவரை ஒட்டி வைக்காமல் கையகலம் தள்ளி வைக்க வேண்டுமாம். பாலிஷ் வாடை முழுக்கப் போகும் வரை தட்டுகளை அடுக்கக் கூடாதாம். உலகத்தின் பெரிய ஒலிக் காப்பகங்களில் சொல்லும் விதிகளும் ஏறக்குறைய இவைதாம்: நிற்க வை, நெருக்கமாக வை, வெயிலிலும் ஈரத்திலும் படாமல் வை. ஆசாரி எந்தக் காப்பகத்தையும் பார்த்தவரல்ல. பாரத்தையும் மரத்தையும் பார்த்தவர்.

எல்லாம் பார்த்து முடித்தபின், அடியில் நாங்கள் சொல்லாத ஒன்று இருப்பதைக் கண்டேன். கால்களுக்கும் முதல் அடுக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய இழுப்பறை. ஆழம் ஓர் அங்குலம்தான். உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"கீறல் விட்ட தட்டை நிக்க வைக்கக் கூடாதும்மா, பிளந்துடும். அதை மட்டும் தனியா, மேலே பாரம் இல்லாம படுக்க வைக்கணும். அக்கா அன்னிக்கு அந்தத் தட்டை மடியிலேயே வெச்சிட்டிருந்தாங்க. நான்தான் பார்த்தேனே!"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் கடுமை என்றாள். பட்டறைக்குள் நல்ல நிழல்.

*

அலமாரி சென்னைக்கு வந்து, பாலிஷ் வாடை போக மூன்று வாரம் வெறுமனே நின்றது. அந்த மூன்று வாரமும் அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பதே எங்கள் வீட்டில் காலை அனுஷ்டானம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒவ்வொரு தட்டாகத் துடைத்துக் கொடுக்க, என் எட்டு வயது மகள் அடுக்கினாள். வீட்டுக்காரர் தலைப்புகளை நோட்டில் எழுதினார். நெளிந்த 'திருவிளையாடல்' மட்டும் இனிப் பாடாது. அதையும் வரிசையில் வைத்திருக்கிறோம். உறையில் சிவாஜி இருக்கிறாரே!

கிட்டப்பாவின் தட்டைத் தக்கவரிடம் கொடுத்து ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் கீறல் 'டிக்' என்கிறது. நிமிஷத்துக்கு 78 'டிக்'. அதற்கு நடுவே அந்தக் குரல் ஏறிக்கொண்டே போகிறது. பெங்களூரிலிருந்து வந்த தம்பி கேட்டான். "இந்தப் பாட்டு செல்போன்ல இல்லையே அக்கா!" என்றான். இழுப்பறையைத் தானே திறந்து, தட்டை உள்ளே வைத்து, மெல்ல மூடினான்.

உங்கள் வீட்டிலும் பரண் இருக்கும். தட்டு இல்லாவிட்டால் காஸெட் இருக்கும். கல்யாண வீடியோ இருக்கும். மாமனாரோ பாட்டியோ பேசிய பேச்சு ஏதாவது ஒன்றில் பதிந்திருக்கும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அவை படுத்திருந்தால் நிற்க வையுங்கள். மேலே டிரங்குப் பெட்டி உட்கார்ந்திருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

கயிற்றை மட்டும் அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள்!